270 மில்லி வெள்ளி

யானைகவுனிப் பக்கம் ஒரு வெள்ளிக் கடை. கடை என்று சொல்வதே அதிகம். மாடிப்படிக்குக் கீழே இரண்டு பேர் உட்காரும் இடம், ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்குள் எலக்ட்ரானிக் தராசு. போன மாதம் ஒரு சனிக்கிழமை மதியம், ஆயாவின் சுருக்குப்பையில் கிடந்த ஒரு காசை அந்தத் தராசில் வைத்தேன். கடைக்காரர் பெட்டியின் கதவை மூடினார். மூச்சுக் காற்றுக்கே ஆடும் தராசு அது. சிவப்பு எண்கள் கொஞ்சம் தடுமாறிவிட்டு 1.19 என்று நின்றன.

"இதுல ஒண்ணும் இல்லண்ணே. மொத்தமா தேஞ்சு போச்சு. வெள்ளி ரேட்டுக்குத்தான் எடுப்பேன்" என்றார்.

"விக்க வரல. எடை பாக்கத்தான் வந்தேன்."

ஒரு மாதிரி பார்த்தார். சனிக்கிழமை மதியம் சௌகார்பேட்டைக்கு எடை பார்க்க மட்டும் ஒருவன் வருவானா என்பது அந்தப் பார்வை. நியாயம்தான்.

காசு ஒரு வெள்ளி இரண்டணா. சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரியது. ஒரு பக்கத்தில் தலை இருந்திருக்க வேண்டும். இப்போது இருப்பது வழுக்கையான ஒரு மேடு. மறுபக்கம் வட்டமாகச் சுற்றிய இலைக்கொடியின் கீழ்ப்பாதி தெரிகிறது. ஆண்டில் 18 மட்டும் மிச்சம். அடுத்த இரண்டு எண்களும் யார் யார் விரலிலோ போய்விட்டன.

கிழக்கிந்தியக் கம்பெனி 1835இல் போட்ட நாணயச் சட்டப்படி ரூபாய் என்பது 180 கிரெயின், அதாவது ஒரு தோலா, 11.66 கிராம். பன்னிரண்டு பங்கில் பதினொரு பங்கு வெள்ளி. 1841இல் இரண்டணாவும் சேர்ந்தது. ரூபாயில் எட்டில் ஒன்று என்பதால் எடையும் எட்டில் ஒன்று, 22½ கிரெயின், 1.46 கிராம். தராசு சொன்னதைக் கழித்தால் ஏறக்குறைய 0.27 கிராம் குறைகிறது. வெள்ளிக் கடைகளில் கிராமுக்குக் கீழே போனால் மில்லி என்பார்கள். 270 மில்லி. (வடசென்னையில் மில்லி என்றதும் வேறு கடை ஞாபகத்துக்கு வருபவர்கள் மன்னிக்கவும்.) நூற்றுக்குப் பதினெட்டு பங்கு காணோம்.

அது எங்கே போயிருக்கும் என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. தொட்ட கைக்கெல்லாம் கண்ணுக்குத் தெரியாத அளவு போயிருக்கும். என்னைக் குடைவது அந்த நஷ்டத்தை யார் தலையில் எழுதினார்கள் என்பதுதான்.

வடசென்னைக்கு வெளியே ஆயா என்றால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வருகிறவர் என்று நினைத்துக்கொள்வார்கள். எங்களுக்கு ஆயா என்றால் பாட்டி, நைனாவை, அதாவது அப்பாவைப் பெற்றவர். ஆயாவுடைய அம்மாவை நாங்கள் பெரியாயா என்போம். நான் பார்த்ததில்லை. ராயபுரத்தில் ரயில்வே லைனை ஒட்டி ஆப்பக் கடை போட்டவர். ஹார்பருக்கு வேலைக்குப் போகும் கூட்டம் விடிவதற்கு முன்னால் அந்த வழியாகப் போகும். கடை என்பது ஒரு அடுப்பு, ஒரு சட்டி, ஒரு பலகை. ஆயா பத்து வயதில் அந்தப் பலகையில் உட்கார்ந்து காசு வாங்கிப் போட்டவர். எண்பது வயதுக்கு மேல் கண் மங்கிய பிறகும் விரலால் தடவியே எந்தக் காசு என்று சொல்லிவிடுவார். அந்த விரல் எங்கே பழகியது என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது.

கடையிலிருந்து வெளியே வந்து தங்கசாலைத் தெருவிலேயே வடக்கே நடந்தேன். இந்தத் தெருவின் பெயரே காசுதான், தங்கசாலை என்றால் காசு அடிக்கும் இடம். மெட்ராஸ் ஊரே காசு அடிக்கும் உரிமையோடு பிறந்த ஊர். 1639இல் கம்பெனிக்கு நாயக்கர் கொடுத்த பட்டயத்திலேயே அந்த உரிமை உண்டு. 1692இல் முகலாயர் பாணி ரூபாய் அடிக்கவும் அனுமதி வாங்கினார்கள். கோட்டைக்குள் தொடங்கிய அச்சடிப்பு பின்னால் இந்தத் தெருவின் வடகோடிக்கு வந்து, 1869இல் மூடப்பட்டது. கட்டடம் அரசு அச்சகத்துக்குப் போனது. பெயர் தங்கசாலை என்றாலும் கடைசிக் காலத்தில் அங்கே வேலை நடந்தது பெரும்பாலும் வெள்ளியிலும் செம்பிலும்தான். பஸ்ஸில் ஏறினால் இன்றைக்கும் "மின்ட் ஒண்ணு" என்றுதான் டிக்கெட் கேட்கிறோம். வள்ளலார் நகர் என்று போர்டு வைத்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, நாக்கு கேட்பதில்லை.

தங்கசாலை மூடியதால் இந்த ஊருக்கு ஒரு சின்னச் சிக்கல் வந்தது. தேய்ந்த காசை உருக்கிப் புதிதாக அடிக்க வேண்டுமென்றால் கல்கத்தாவுக்கோ பம்பாய்க்கோ போக வேண்டும். மூட்டை மூட்டையாக ரூபாய் வைத்திருப்பவருக்கு அது ஒரு செலவு, அவ்வளவுதான். பையில் ஒரு ரெண்டணா வைத்திருப்பவருக்கு கல்கத்தாவும் நிலாவும் ஒரே தூரம்.

இந்த ஊரின் பழைய கணக்கு இன்னும் வேடிக்கையானது. கம்பெனிக் கணக்கில் ஒரு வராகன் 42 பணம், ஒரு பணம் 80 காசு. வராகன் தங்கம், பணம் பொடி வெள்ளி, காசு செம்பு. பணம், காசு என்று நாம் பொதுவாகச் சொல்வதெல்லாம் ஒரு காலத்தில் தனித்தனி நாணயங்களின் பெயர். 1818இல் ரூபாயைத் தரமாக்கினார்கள். 100 வராகனுக்கு 350 ரூபாய். அந்தக் கணக்கில் ரூபாய்க்கு 12 பணம். ரூபாய்க்கு 16 அணா என்று இன்னொரு கணக்கும் உண்டு. அப்படியானால் ஒரு பணத்துக்கு ஓரணா நாலு பை. பை என்பது தம்பிடி, அணாவில் பன்னிரண்டில் ஒன்று. ஆப்பம் விற்பவர்கள் இதையெல்லாம் மனதிலேயே போட்டிருக்கிறார்கள். எனக்கு ஜிஎஸ்டி போட்ட ஓட்டல் பில்லைக் கூட்டிப் பார்க்கவே போன் வேண்டியிருக்கிறது.

தங்கம், வெள்ளி, செம்பு மூன்றும் ஒன்றோடொன்று இந்த விலைக்குத்தான் மாறும் என்று கோட்டையில் எழுதி வைத்தார்கள். கடைத்தெருவில் விலை தினமும் ஏறி இறங்கியது. இடையில் உட்கார்ந்திருந்தவர் சராப்பு, அதாவது காசு மாற்றுபவர். காசை உரசி, தட்டி, சத்தம் கேட்டு, எடை போட்டுப் பார்ப்பதற்கு நோட்டம் என்று பெயர். நோட்டம் பார்த்துக் கழிக்கும் தொகைக்கு வட்டம். வட்டி வேறு, வட்டம் வேறு. வட்டி நாள் போகப் போக ஏறும். வட்டம் அந்த நொடியிலேயே கழியும். அதனால் அது வலிக்காத மாதிரி இருக்கும். ஒரு நாளைக்கு நாலு முறை கழிந்தால்தான் வலி தெரியும்.

வட்டத்திலும் ஒரு தில்லாலங்கடி இருந்தது. வங்காளத்தில் சிக்கா ரூபாய்க்கு, அடித்து ஒரு வருடம் தாண்டினாலே மதிப்புக் குறைப்பார்கள். காசு தேய்ந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. பெட்டியில் தூங்கிய காசுக்கும் வயதுக்கு ஏற்ற வட்டம். இதை உடைக்க 1770களில் கம்பெனி கண்டுபிடித்த வழி எனக்கு ரொம்பப் பிடிக்கும். இனிமேல் எந்த வருடம் அடித்தாலும் காசில் ஒரே வருடத்தைப் போடு என்றார்கள். பேரரசர் ஆட்சியின் 19ஆம் ஆண்டு என்று பொறித்து அப்படியே உறையவைத்தார்கள். வயது தெரிந்தால்தானே வட்டம்? நம்மூர் ஆற்காட்டு ரூபாயிலும் இதே மாதிரி உறைந்த ஒரு வருடம்தான். முகலாயப் பேரரசர் இரண்டாம் ஆலம்கீர் 1759இல் செத்துப் போனார். ஆனால் மெட்ராஸில் 1835 வரைக்கும் அவர் பெயரில், அவருடைய ஆறாம் ஆட்சியாண்டு போட்டே ரூபாய் வந்துகொண்டிருந்தது.

ஆனால் பாருங்கள், இந்த வைத்தியம் ரூபாய்க்குத்தான். தேதியை மறைக்கலாம், தேய்மானத்தை மறைக்க முடியாது. தேய்மானம் சின்னக் காசில்தான் அதிகம்.

காரணம் எளிது. ரூபாயின் குறுக்களவு சுமார் 30 மில்லிமீட்டர், இரண்டணாவுக்கு அதில் பாதி. அப்படியானால் முகப்பரப்பு நாலில் ஒன்று. எடையோ எட்டில் ஒன்று. ஒவ்வொரு கிராம் வெள்ளிக்கும் ரூபாயைப்போல இரண்டு மடங்கு தோல் வெளியே தெரிகிறது, உரச. அதோடு ரூபாய் பெட்டிக்குள் படுத்திருக்கும், பானைக்குள் புதைந்திருக்கும். ரெண்டணா ஒரே நாளில் ஹார்பர் கூலியின் மடியிலிருந்து ஆப்பக் கடைக்கு வந்து, அங்கிருந்து கள்ளுக் கடைக்குப் போய், ராத்திரிக்குள் எண்ணெய்க் கடைக்குப் போய்விடும். உழைக்கிற காசுதான் தேயும்.

சட்டம் என்ன செய்தது? ரூபாய் நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் எடை குறைந்தால் அது சட்டப்படி செல்லும் காசு இல்லை என்றது. ரூபாய்க்கு இரண்டு பங்கு என்றால் 230 மில்லி. அதே அளவுகோலை ஆயாவின் ரெண்டணாவுக்கு வைத்துப் பார்த்தேன். 30 மில்லிகூட வரவில்லை. ஒரு நகத்துண்டின் எடை. அந்த அளவுகோலின்படி இந்தக் காசு ஒன்பது முறை செத்திருக்க வேண்டும்.

இன்னொரு விதி இதைவிட முக்கியம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிச் சட்டத்திலும் 1906 சட்டத்திலும் ரூபாயும் எட்டணாவும் எவ்வளவு பெரிய தொகைக்கும் செல்லும். நாலணாவும் இரண்டணாவும் ஒரு ரூபாய்க்கு உட்பட்ட சில்லறைக்குத்தான். அதற்கு மேல் கொடுத்தால் வாங்க மாட்டேன் என்று எதிராளி சொல்லலாம், சட்டம் அவர் பக்கம். சில்லறைக் காசுக்கு இப்படி வரம்பு வைப்பது உலக வழக்கம்தான். இங்கிலாந்தில்கூட 1816க்குப் பிறகு வெள்ளிக்கு 40 ஷில்லிங் வரம்பு. ஆனால் அங்கே வரம்பு வைத்தபோது கூடவே ஒன்று செய்தார்கள். 1817இல் நாட்டிலிருந்த மொண்ணைக் காசையெல்லாம் முகமதிப்புக்கே வாங்கிக்கொண்டு புதுக் காசு கொடுத்தார்கள். தேய்மானம் அரசாங்கக் கணக்கில் போனது. அடுத்த வருடம்தான் மெட்ராஸில் ரூபாய் தரமானது. அதே ஆட்கள், ஒரே வருட இடைவெளி.

இது ஆப்பக் கடையில் எப்படி இறங்கியது என்பதற்கு ஆயா சொன்ன கதைகள்தான் எனக்கு ஆதாரம். சொல்கிறவர் ஆயா என்பதால் கொஞ்சம் மசாலா இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரியாயாவுக்கு வருமானம் எல்லாம் சில்லறை. தம்பிடி, காலணா, அரையணா, ஓரணா. எப்போதாவது ஒரு ரெண்டணா. செலவோ வேறு மாதிரி. அரிசியும் தேங்காயும் கொத்தவால் சாவடியில் மொத்தமாக எடுக்க வேண்டும். மண்டிக்காரருக்கு ரூபாயாகத்தான் வேண்டும். சில்லறையை மடியிலிருந்து கொட்டினால் முகம் சுளிப்பார். "இத்த எண்றதுக்கு ஒரு ஆள் போடணுமே" என்பாராம். எண்ணுகிற கூலி என்று ஒரு கழிவு. அதில் தேய்ந்தது, ஓட்டை போட்டது, பற்று வைத்தது என்று பொறுக்கி ஒதுக்கினால் அதற்கு இன்னொரு கழிவு. இல்லையென்றால் தெருமுனையில் சில்லறை மாற்றுபவரிடம் கொடுத்து ரூபாயாக்கிக்கொண்டு போக வேண்டும். அவருக்கும் வட்டம் உண்டு.

அடுத்த பக்கத்தைப் பாருங்கள். சம்பள நாளில் ஹார்பர் ஆட்களுக்குக் கையில் ரூபாய். அரையணா ஆப்பத்துக்கு ரூபாயை நீட்டினால் பெரியாயா எங்கே போவார்? அன்றைக்கு ரூபாயைச் சில்லறையாக்க அதே தெருமுனை ஆளிடம் வட்டம். சில்லறையை ரூபாயாக்கினாலும் அவருக்கு, ரூபாயைச் சில்லறையாக்கினாலும் அவருக்கு. "அந்தாளு மட்டும் ஆப்பம் சுடாமயே எங்க கடையில லாபம் பாத்தான்" என்பார் ஆயா.

அந்த ஆளை நான் வில்லனாக்க மாட்டேன். காலையில் ஒரு திசையிலும் மாலையில் எதிர்த் திசையிலும் ஓடும் காசை நடுவில் நின்று திருப்பி விட ஒருவர் வேண்டும். அரசாங்கம் அந்த வேலையைச் செய்யவில்லை, அவர் செய்தார், கூலி எடுத்துக்கொண்டார். தேய்ந்த காசை அளந்து கழிக்கிற துல்லியம் அவரிடம் இருந்தது. ஆனால் நூறு கை தேய்த்த காசின் மொத்தக் குறையையும், நோட்டம் பார்க்கிற அந்த நொடியில் யார் கையில் இருக்கிறதோ அவரிடமே வசூலிப்பதுதான் அந்தத் துல்லியத்தின் வேலை. நூறு பேரில் தொண்ணூற்றொன்பது பேர் முழு ரெண்டணாவுக்குச் செலவழித்துவிட்டுப் போய்விட்டார்கள். நூறாவது ஆள் பெரியாயா.

கருவூலத்துக்குப் போயிருக்கலாமே என்று கேட்கலாம். போகலாம். 1906 சட்டத்தில் நேர்மையாகத் தேய்ந்த காசுக்கும் வேண்டுமென்று சுரண்டிய காசுக்கும் வித்தியாசம் வைத்திருந்தார்கள். அளவு மீறித் தேய்ந்ததை அதிகாரி வெட்டிவிடவும் அதிகாரம் இருந்தது. வெட்டிய துண்டும் நஷ்டமும் கொண்டுவந்தவர் தலையில் விழவும் வாய்ப்பிருந்தது. அது தேய்ந்ததா சுரண்டியதா என்று தீர்மானிப்பவர் நாற்காலியில் இருப்பவர். நின்றுகொண்டிருப்பவர் அடுப்பை அணைத்துவிட்டு, ஒரு வேளை வியாபாரத்தை விட்டுவிட்டு வந்தவர். ஒரு ரெண்டணாவைக் காப்பாற்ற அரை நாள் கூலியை விடும் கணக்குப் பெரியாயாவுக்குத் தெரியும். அதனால் அவர் போனதே இல்லை.

சுரண்டுவதும் நடந்தது, அதையும் சொல்ல வேண்டும். பையில் வெள்ளிக் காசுகளைப் போட்டுக் குலுக்கி, உதிர்ந்த பொடியைச் சேர்ப்பது பழைய வேலை. அதைவிடப் பரவலானது நகை. காசுக்குக் காது வைத்துப் பற்றவைத்து மாலையில் கோர்ப்பார்கள். கஷ்டம் வந்தால் காதைப் பிடுங்கிவிட்டுக் காசைக் கடைக்கு அனுப்புவார்கள். பிடுங்கிய இடத்தில் ஈயத் தழும்பு இருக்கும். ஆயாவின் விரல் முதலில் தேடுவது அந்தத் தழும்பைத்தான். விளிம்பைச் சுற்றி ஒரு தடவு, நடுவில் ஒரு தடவு. ரெண்டு நொடி. ஒரு குழந்தைக்குப் பத்து வயதில் நோட்டம் பார்க்கும் வேலை.

இதற்குள் இன்னொரு பெரிய கதை மேலே ஓடிக்கொண்டிருந்தது. 1870களில் ஜெர்மனி வெள்ளியைக் கைவிட்டுத் தங்கத்துக்கு மாறியது. அமெரிக்கச் சுரங்கங்களிலிருந்து வெள்ளி கொட்டியது. உலகச் சந்தையில் வெள்ளி விழுந்தது, கூடவே ரூபாயும் விழுந்தது. ஒரு காலத்தில் இரண்டு ஷில்லிங்குக்கு நின்ற ரூபாய் 1890களின் தொடக்கத்தில் ஒன்றே கால் ஷில்லிங் பக்கம் வந்துவிட்டது. லண்டனுக்குத் தங்கக் கணக்கில் அனுப்ப வேண்டிய தொகைக்கு ஒவ்வொரு வருடமும் அதிக ரூபாய் தேவைப்பட்டது. சர்க்கார் பதறியது. 1893 ஜூன் 26ஆம் தேதி, யார் வெள்ளி கொண்டுவந்தாலும் ரூபாயாக அடித்துக் கொடுக்கும் வழக்கத்தை நிறுத்தினார்கள். ரூபாயைத் தட்டுப்பாடாக்கி ஒரு ஷில்லிங் நாலு பென்சுக்கு, அதாவது ஒரு தங்கப் பவுனுக்கு 15 ரூபாய் என்று ஏற்றி நிறுத்தினார்கள்.

அந்த நாளோடு ரூபாய் உள்ளே இருக்கும் வெள்ளியைவிட அதிக மதிப்புக்கு ஓடும் அடையாளக் காசாகிவிட்டது. அப்படியென்றால், யோசித்துப் பாருங்கள், தேய்மானத்துக்கு அர்த்தமே போய்விட்டது. உள்ளே 16 அணா வெள்ளி இல்லாத ரூபாயை 16 அணாவுக்கு வாங்கும்போது, 270 மில்லி குறைந்த ரெண்டணாவை ரெண்டணாவுக்கு வாங்க என்ன தடை? வெள்ளியின் விலை வீழ்ந்தது தேய்ந்த சின்னக் காசுக்கு விடுதலையாக இருந்திருக்க வேண்டும்.

கடைத்தெருவில் அந்த விடுதலை வரவில்லை. காரணம் எனக்கே கொஞ்ச நாள் பிடிபடவில்லை. வெள்ளி மலிந்து, காசின் முகமதிப்பு உயரத்தில் நின்றால் கள்ளக் காசு அடிப்பவனுக்குக் கொண்டாட்டம். ஈயம்கூட வேண்டாம், அசல் வெள்ளியிலேயே போலி அடித்தாலும் லாபம். அப்போது கடைக்காரருக்கு எடை முக்கியமில்லை, முகம்தான் முக்கியம். தலையும் எழுத்தும் வருடமும் தெளிவாகத் தெரிகிறதா? தெரியாத காசு எதுவானாலும் சந்தேகக் காசு. முன்பு எடை குறைந்ததற்காக ஒதுக்கிய அதே மொண்ணை ரெண்டணாவை இப்போது முகம் போனதற்காக ஒதுக்கினார்கள். காரணம் மாறியது. ஒதுக்கிய கை மாறவில்லை.

அப்புறம் முதல் உலகப் போர். வெள்ளி விலை தலைகீழாக ஏறியது. லண்டனில் ஒரு அவுன்ஸ் 43 பென்சைத் தாண்டினால் ரூபாயை உருக்கி விற்பது லாபம். 1917இல் அந்தக் கோட்டைத் தொட்டது. 1920 பிப்ரவரியில் 89 பென்சையும் தாண்டியது. நாணயத்தை உருக்கத் தடை வந்தது. ஒரு ரூபாய் நோட்டு வந்தது. அமெரிக்கா தன் கையிருப்பிலிருந்து இந்தியாவுக்காக 20 கோடி அவுன்ஸ் வெள்ளி விற்றது. சின்னக் காசுக்கு இனி வெள்ளி கட்டுப்படியாகாது என்று 1918இல் இரண்டணாவை நிக்கலுக்கு மாற்றினார்கள், 1919இல் நாலணாவையும் எட்டணாவையும். நிக்கல் எட்டணாவைக் கள்ளக் காசுக்காரர்கள் பிடித்துக்கொண்டதால் சில வருடத்திலேயே திரும்ப வாங்க வேண்டியதாயிற்று. மற்றவை நின்றன.

இந்த நிக்கல் காசுகளைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம். 1907இலேயே வந்த ஓரணாவுக்கு அலையலையான விளிம்பு. இரண்டணா முனை மழுங்கிய சதுரம். நாலணா எட்டுப் பட்டை. முகம் தேய்ந்தாலும் உருவம் தேயாது. படிக்கத் தெரியாதவருக்கும், விடியாத இருட்டில் ஆப்பம் விற்பவருக்கும் கைதான் கண். உள்ளே இருக்கும் உலோகத்துக்குப் பெரிய விலை இல்லாததால் எடை போடவும் ஒன்றுமில்லை. நூறு வருடம் சராப்புக் கடையில் கழிந்த ஒரு தொல்லையை ஒரு சதுர வடிவம் பாதி தீர்த்துவிட்டது. இத்தனைக்கும் வெள்ளி கிடைக்கவில்லை என்ற அவசரத்தில் செய்ததுதான்.

அடுத்த போரில் ஆயாவுக்கு நல்ல நினைவு. 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் வருகிறான் என்று ஊர் பாதி காலியானது. பெரியாயா போகவில்லை. "ஹார்பர்ல ஆள் இருக்குற வரைக்கும் ஆப்பம் வேணும்ல" என்பது அவர் வாதம். ஆளும் மாவும் இருந்தாலும் சில்லறை இல்லை. எல்லாரும் பதுக்கிவிட்டார்கள். தேவைக்கு மேல் காசு சேர்த்தால் தண்டனை என்று அரசு உத்தரவு போட்டது. போட்டதும் இன்னும் பதுக்கினார்கள், மனுஷ புத்தி அதுதானே. ஆப்பத்துக்கு மீதி தர முடியாமல் பெரியாயா சுவரில் கரிக்கோடு போட ஆரம்பித்தார். ஒரு ஆளுக்கு ஒரு வரிசை. மழையில் ஒருநாள் சுவரே கணக்கோடு கரைந்து போனது என்று ஆயா சொல்லுவார். இந்த இடத்தில் மசாலா கொஞ்சம் தூக்கல் என்பது என் சந்தேகம்.

1943இல் நடுவில் துளை போட்ட காலணா வந்தது. செம்பு மிச்சம் பிடிக்க. ஓட்டைக் காலணா. ஆயாவிடம் அதில் ஒரு சரமே இருந்தது, கறுப்புக் கயிற்றில். வீட்டில் ஆணிக்கு வாஷர் வேண்டுமென்றால் நைனா அந்தக் கயிற்றை அவிழ்ப்பார், ஆயா திட்டுவார்.

இது பழைய கதை என்று நினைக்க முடியவில்லை. மின்ட் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து டீ குடித்துவிட்டுப் பத்து ரூபாய்க் காசு ஒன்றை நீட்டினேன். மாஸ்டர் கையைக்கூட நீட்டவில்லை. "நோட்டு குடுண்ணா, இத்த யாரும் வாங்கறதில்ல." 14 வடிவத்தில் வந்த பத்து ரூபாய்க் காசுகள் எல்லாமே செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி அறிக்கை விட்டது. அந்த ரிசர்வ் வங்கியின் சென்னை அலுவலகம் இந்த டீக்கடையிலிருந்து ஆட்டோவில் போகும் தூரம்தான். மாஸ்டரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பால்காரர் வாங்க மாட்டார், அதனால் இவர் வாங்க மாட்டார். நான் நோட்டு கொடுத்தேன். காசு என் பையிலேயே இருக்கிறது, இன்னும் மூன்று நாலோடு.

ஆயாவின் ரெண்டணா ஏன் பையிலேயே தங்கிவிட்டது என்பதையும் அவர் சொல்லியிருக்கிறார். யாரோ ஒருவர் இருட்டில் நிக்கல் காசுக்கு நடுவில் தள்ளிவிட்டுப் போன வெள்ளி. அன்றைக்குப் பலகையில் உட்கார்ந்திருந்தது ஆயா. தடவிப் பார்த்ததும் வழுக்கியது, ஆனால் ஆள் போய்விட்டான். பெரியாயா முதலில் எண்ணெய்க் கடையில் கொடுத்துப் பார்த்தார். திரும்பி வந்தது. கொத்தவால் சாவடியில் குவியலுக்கு நடுவே வைத்து நீட்டினார். மண்டிக்காரர் மற்றதையெல்லாம் எடுத்துக்கொண்டு இதை மட்டும் ஒரு விரலால் தள்ளிவிட்டார். கிருத்திகைக்குக் கந்தகோட்டம் போனபோது உண்டியலில் போட்டுவிடலாம் என்று கையில் எடுத்திருக்கிறார். ஊர் முழுக்க அப்படித்தான் செய்யும், செல்லாததெல்லாம் சாமிக்கு.

"அப்புறம்?" என்று கேட்டேன்.

"உண்டி வரைக்கும் கொண்டுபோச்சு. அப்புறம் இன்னா தோணுச்சோ, மடியிலயே முடிஞ்சிக்கிச்சு. போடல. முருகனும் ஆப்பம் வாங்குனவன் மாதிரியே பாத்தாருன்னு சொல்லும்."

கடைக்காரர் தராசிலிருந்து எடுத்துக் கொடுத்தபோது காசைத் துடைக்கட்டுமா, பளிச்சென்று ஆகிவிடும் என்றார். வேண்டாம் என்றேன். துடைத்தால் இன்னும் கொஞ்சம் போகும்.